அதே 18 விளக்குகளில் நான்கு காட்சிகள்

நண்பர் கேட்டிருப்பது சுருக்கமாக இது. அவர்கள் குழு ஒன்றரை மணி நேர நாடகம் ஒன்றைப் போடுகிறது. அரங்கத்திலேயே 6 பார் கேன் (டப்பா வடிவ விளக்கு), 4 ஃப்ரெனல் (ஓரம் மென்மையாக விழுவது), 2 ப்ரொஃபைல் (ஓரத்தைக் கூராக வெட்டக்கூடியது), 6 எல்இடி பார் (நிறம் மாற்றக்கூடியது) விளக்குகள் இருக்கின்றன. நாடகத்தில் நீதிமன்றம், வெயில் காயும் களத்துமேடு, இரவுக் காடு, விடியல் என்று நான்கு இடங்கள். கலரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் நான்கும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. கன்சோலிலிருந்தே (விளக்குகளை இயக்கும் பலகை) திருப்பக்கூடிய மூவிங் ஹெட் விளக்கு நான்கு வாடகைக்கு எடுத்தால் சரியாகுமா, இல்லை இருக்கிற விளக்குகளையே வேறு மாதிரி திருப்பினால் போதுமா என்று கேட்கிறார்.

நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது யாரும் ஏணி போட்டு ஏறி விளக்கைத் திருப்பப் போவதில்லை. திருப்புவதெல்லாம் முதல் நாளே முடிந்துவிட வேண்டும். அப்புறம் காட்சிக்குக் காட்சி மாறுவது, எந்த விளக்கு எவ்வளவு எரிகிறது என்பது மட்டும்தான். ஆக, ஒரே தடவை ஃபோகஸ் செய்துவிட்டு, எரிகிற அளவை மட்டும் மாற்றி நான்கு இடங்களைக் காட்டும்படி இந்த 18 விளக்குகளை எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது என்பதுதான் இங்கே கேள்வி. முடியும். மூவிங் ஹெட் தேவையில்லை. சபா நாடகங்களுக்கும் பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்கும் பல வருடங்களாக விளக்கு அமைத்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். கோணம், தூரம், லென்ஸ் பற்றி நான் சொல்வதெல்லாம் ஒளியியல், எந்த அரங்கத்திலும் மாறாது. கலர் பற்றியும் எரிகிற சதவீதம் பற்றியும் சொல்வதில் பாதி ரசனை. அதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு காட்சியும் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம், நான் யூகிக்கிற வரையில், எல்லா விளக்கும் முன்னாலிருந்து அடிப்பதுதான். பார்வையாளர் பக்கத்துப் பைப்பில் வரிசையாக மாட்டி, மேடை நடுவைப் பார்த்துத் திருப்பியிருப்பார்கள். பெரும்பாலான அரங்கங்களில் அப்படித்தான் கிடக்கும். அதில் நீலத்தைப் போட்டால் நீல நிறத்தில் தட்டையான முகம், மஞ்சளைப் போட்டால் மஞ்சள் நிறத்தில் அதே தட்டையான முகம். நிழல் மாறவில்லை, அதனால் இடமும் மாறவில்லை. நம் கண் இடத்தையும் நேரத்தையும் கணிப்பது பெரும்பாலும் நிழலை வைத்துத்தான். உச்சி வெயிலுக்கும் சாயங்காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் நிறத்தைவிட நிழல் விழும் திசைதான் முதலில் உறைக்கிறது. அதனால் நான் எப்போதும் கோணத்தில் ஆரம்பிப்பேன். அப்புறம் வட்டத்தின் அளவும் ஓரமும். அப்புறம் எவ்வளவு எரிய வேண்டும் என்பது. கலர் கடைசி.

ஒத்திகை நாளில் ஒரு அரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். அரங்கத்தை முழுக்க இருட்டாக்கிவிட்டு, ஒருவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரே ஒரு விளக்கை ஒவ்வொரு திசையிலிருந்தும் அடித்துப் பாருங்கள். கண் மட்டத்தில் நேர் முன்னாலிருந்து அடித்தால் மூக்கும் கன்னமும் மறைந்து முகம் தட்டையாகும். பின்திரையில் பெரிய நிழலும் விழும். அதே விளக்கை முன்பக்கம் 45 டிகிரி உயரத்துக்குக் கொண்டுபோனால் கண்குழியிலும் மூக்குக்குக் கீழும் கொஞ்சம் நிழல் விழுந்து முகம் முகமாகத் தெரியும். நேர் மேலே போனால் கண் இரண்டும் கறுத்த பள்ளங்களாகி, நெற்றியும் மூக்கும் மட்டும் மின்னும். பக்கவாட்டில் வைத்தால் உடம்பின் வடிவம் எடுப்பாக நிற்கும், முகத்தில் பாதி போய்விடும். பின்னாலிருந்து அடித்தால் தலைமுடியிலும் தோளிலும் ஒரு கோடு விழுந்து ஆள் திரையிலிருந்து பிரிந்து வருவார். கீழேயிருந்து அடித்தால் பேய்தான். ஒரே விளக்கு, ஒரே கலர், ஆறு வேறு மனநிலை. இதை உங்கள் குழுவில் எல்லோரும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் கலர் பேச்சு தானாகக் குறைந்துவிடும்.

முகத்துக்கான விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. மேடைத் தரையிலிருந்து பைப் 5 மீட்டர் உயரம், நடிகரின் முகம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடுவில் 3.5 மீட்டர். 45 டிகிரி வேண்டுமென்றால் அந்தப் பைப் நடிகருக்கு 3.5 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். 1 மீட்டர் மட்டுமே முன்னால் இருந்தால் கோணம் 74 டிகிரி ஆகிவிடும், கண் பள்ளமாகத்தான் தெரியும். மாறாக, பால்கனி முகப்பில், 12 மீட்டர் தள்ளி, மேடையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் மாட்டியிருந்தால் கோணம் வெறும் 12 டிகிரிதான், முகம் தட்டை. உங்கள் அரங்கத்தில் பைப் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. செங்குத்தான கோணம்தான் கிடைக்கிறதென்றால், முக்கியமான வசனங்களை மேடை விளிம்பில் வைக்காமல் ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளச் சொல்லி இயக்குநரிடம் கேளுங்கள். அதோடு பால்கனி விளக்கை மிகக் குறைவாக, 20 சதவீதம் போல எரியவிட்டால் கண்குழி நிரம்பும். விளக்கை நகர்த்த முடியாதபோது நடிகரை நகர்த்துவதில் கூச்சமே வேண்டாம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-இல் எழுதி வைத்த முறை இன்றும் பாடமாக இருக்கிறது. மேடையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் வலமுமாக 45 டிகிரியில் இரண்டு விளக்கு, ஒன்றில் இளஞ்சூடான நிறம், மற்றொன்றில் குளிர்ச்சியான நிறம். வசன நாடகத்துக்கு இது நம்பகமான அஸ்திவாரம். நாட்டியத்துக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே உடம்பு முழுவதும் தெரிய வேண்டும் என்பதால் விங்ஸிலிருந்து, அதாவது மேடையின் பக்க மறைவிலிருந்து, வரும் பக்க விளக்குகள்தான் உயிர். உங்களுடையது நாடகம் என்பதால் நான்கு ஃப்ரெனலையும் இந்த முறைக்குக் கொடுத்துவிடலாம்: மேடையின் இடப்பாதிக்கு இரண்டு, வலப்பாதிக்கு இரண்டு.

நிழல் எங்கே விழ வேண்டும் என்று யோசிப்பது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடும் அரங்கை வர்ணிக்கும்போது, தூணின் நிழல் அரங்கத்துக்குப் புறத்தே போய் விழும்படி விளக்கை நிறுத்தியிருந்ததைச் சொல்கிறது. ஃபோகஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும். எத்தனை விளக்கு என்று சொல்லாமல், நிழல் எங்கே போனது என்று சொல்லியிருக்கிறார் இளங்கோ.

சரி, இனி ஒவ்வொரு விளக்கும். ஃப்ரெனலில் பின்னால் அல்லது அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் உள்ளே பல்பும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்து முன்னும் பின்னும் நகரும். லென்ஸுக்கு அருகே வந்தால் ஒளி விரியும், விலகிப் போனால் குறுகிச் செறிவாகும். ஓரம் எப்போதும் மென்மையாகவே இருக்கும், கூராக்க முடியாது. அதனால்தான் இரண்டு ஃப்ரெனல் சேரும் இடம் தெரியாமல் கலக்க முடிகிறது. முன்னாலிருக்கும் நான்கு தகடுகள், பார்ன் டோர், திரைமேலும் பக்கச் சுவர்மேலும் வழியும் ஒளியைத் தடுக்கத்தான். கூரான கோடு வெட்ட அவற்றால் முடியாது. ஃபோகஸ் செய்யும்போது பெரும்பாலோர் தரையில் விழும் வட்டத்தைப் பார்த்துத் திருப்புகிறார்கள். பிரகாசமான மையம் தரையில் விழுந்தால் நடிகரின் முழங்காலுக்குத்தான் நல்ல வெளிச்சம். அந்த இடத்தில் நீங்களே போய் நில்லுங்கள். விளக்குக்கு முதுகைக் காட்டி, உங்கள் தலையின் நிழல் ஒளிவட்டத்தின் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மையம் உங்கள் முகத்தில் இருக்கிறது, பூட்டிவிடச் சொல்லலாம். எல்லாம் முடிந்ததும் ஒருவரை மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக நடக்கவிட்டு, முகத்தை மட்டும் கவனியுங்கள். இருட்டுப் பள்ளம் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பார் கேனில் லென்ஸ், ரிஃப்ளெக்டர், பல்பு மூன்றும் ஒரே துண்டு. உங்களிடம் இருப்பது பார் 64 என்றே நினைக்கிறேன். அதன் ஒளி வட்டமாக வராது, முட்டை வடிவில் வரும். டப்பாவின் பின்பக்கம் கையை விட்டு பல்பைச் சுழற்றினால் அந்த முட்டை படுக்கையாகவும் நெட்டையாகவும் திரும்பும். பலருக்கு இது தெரிவதே இல்லை. பின்னாலிருந்து அடிக்கும்போது படுக்கையாக வைத்தால் இரண்டு கேனிலேயே மேடை அகலம் நிறையும். விங்ஸிலிருந்து அடிக்கும்போதும் படுக்கையாக வைத்தால்தான் தரையில் வீணாகாது. பல்பு மாற்ற வேண்டி வந்தால் சிபி 60 மிகக் குறுகலானது, சிபி 61 குறுகலானது, சிபி 62 நடுத்தரம் என்று நினைவில் வையுங்கள். முகத்துக்குப் பார் கேன் வேண்டாம். ஒளி சீராக இருக்காது, வெட்டவும் முடியாது. வெயிலுக்கு அதைப்போல வேறொன்று கிடையாது. இரண்டை வலது விங்ஸில் உயரமாக மாட்டுங்கள், அது களத்துமேட்டு வெயில். இரண்டை இடது விங்ஸில் ஆள் உயரத்துக்குத் தாழ்வாக வையுங்கள், அது விடியல். மீதி இரண்டு பின்பைப்பில்.

ப்ரொஃபைல்தான் கொஞ்சம் பொறுமை கேட்கும். அதன் லென்ஸ் குழாயை முன்னும் பின்னும் தள்ளினால் ஓரம் கூராகும் அல்லது கலங்கும். நான்கு ஷட்டர் தகடுகளால் சதுரமாகவோ கதவு வடிவமாகவோ வெட்டலாம். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குவதால், மேல் தகட்டைத் தள்ளினால் கீழ் ஓரம் வெட்டுப்படும், இடது தகட்டைத் தள்ளினால் வலது ஓரம். கோபோவையும், அதாவது ஒளியில் வடிவம் விழவைக்க உள்ளே செருகும் ஓட்டை வெட்டிய தகட்டையும், தலைகீழாகத்தான் செருக வேண்டும். விளக்கின் மேல் 19, 26, 36, 50 என்று ஒளி விரியும் கோணம் டிகிரியில் எழுதியிருக்கும். 10 மீட்டர் தூரத்தில் 19 டிகிரி சுமார் 3.3 மீட்டர் வட்டத்தையும், 26 டிகிரி சுமார் 4.6 மீட்டர், 36 டிகிரி சுமார் 6.5 மீட்டர் வட்டத்தையும் போடும். தூரம் இரண்டு மடங்கானால் வட்டமும் இரண்டு மடங்கு அகலமாகும், வெளிச்சமோ கால்பங்காகிவிடும். சின்ன அரங்கத்தில் நன்றாக இருந்த விளக்கு பெரிய அரங்கத்தில் காணாமல் போவது இதனால்தான்.

ஒரு ப்ரொஃபைலை முன்னால் வைத்து, நீதிபதியின் மேசையை ஷட்டரால் சதுரமாக வெட்டுங்கள். இன்னொன்றில் காட்டுக்கான கோபோ. கடையில் வாங்க முடியாவிட்டால், அச்சகத்தில் பயன்படுத்தித் தூக்கிப்போட்ட ஆஃப்செட் அலுமினியத் தகட்டில் கட்டரால் வெட்டிக்கொள்ளலாம். சூட்டைத் தாங்கும், கையிலேயே வெட்ட வரும். இலையை இலையாகவே வெட்ட மெனக்கெடாதீர்கள், ஒழுங்கில்லாத ஓட்டைகள் போதும். அதைப் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ உயரமாக அடித்து, முதலில் கூராக்கிவிட்டு அப்புறம் லென்ஸைக் கொஞ்சம் நகர்த்திக் கலங்கவிடுங்கள். இலைகளுக்கு நடுவே வரும் ஒளி அப்படித்தான் இருக்கும். முன்னாலிருந்து அடித்தால் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து, ஏதோ தோல் நோய் மாதிரி தெரியும்.

எல்இடி பார் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வரும் வெள்ளை, கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் இடையிடையே நிறங்கள் குறைவு. அதனால் தோலும் பட்டும் மேக்கப்பும் உண்மையான நிறத்தில் தெரியாது. அம்பர் அல்லது தனி வெள்ளை எல்இடி சேர்த்தது பரவாயில்லை. எப்படியும் முகத்தை ஹாலஜனுக்கு, அதாவது ஃப்ரெனல் போன்ற இழை பல்பு விளக்குகளுக்கு, விட்டுவிடுங்கள். எல்இடி ஜெயிக்கும் இடம் அடர்ந்த நீலம். ஹாலஜனில் நீல ஜெலட்டின் (விளக்கின் முன் வைக்கும் கலர் தாள்) போட்டு 30 சதவீதத்துக்குக் குறைத்தால், இழை குறைவாக எரியும்போது ஒளியே ஆரஞ்சாகிவிடுவதால் நீலம் சாம்பலாகிச் செத்துவிடும். எல்இடியின் நீலம் எவ்வளவு குறைத்தாலும் நீலமாகவே இருக்கும். ஆகவே மூன்றைப் பின்பைப்பில் இரவுக்கும், மூன்றைத் தரையில், பின்திரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வானத்துக்கும் வையுங்கள். ஒவ்வொரு எல்இடியும் கன்சோலில் 7 சேனல் (கட்டுப்பாட்டு எண்) எடுத்தால், விளக்கில் வைக்கும் தொடக்க எண், அதாவது முகவரி, 1, 8, 15 என்று போக வேண்டும். எல்லாவற்றிலும் 1 என்று விட்டால் ஆறும் ஒன்றாகவேதான் மாறும். இணைக்க மைக் கேபிள் போடாதீர்கள். குறைந்த தூரத்துக்கு வேலை செய்வது போல இருந்து, நாடகத்தின் நடுவில் மினுக்க ஆரம்பிக்கும். விலை குறைந்த எல்இடிகளில் 5 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போது பட்டென்று அணைவது கண்ணில் படும். காட்சி மெதுவாக இருட்டும் இடத்தில் எல்இடியை முன்பே அணைத்துவிட்டு, கடைசியாக அணைவது ஹாலஜனாக இருக்கும்படி வைத்தால் அது தெரியாது.

இப்போது கன்சோலில் உட்கார்ந்து நான்கு இடங்கள். நீதிமன்றத்துக்கு நான்கு ஃப்ரெனலும் சமமாக, 80 சதவீதம் போல. மேசை மேல் ப்ரொஃபைல். கலர் எதுவும் வேண்டாம், நிழல் குறைந்த, ஒளிந்துகொள்ள இடமில்லாத வெளிச்சம். களத்துமேட்டுக்கு வலது விங்ஸ் பார் இரண்டும் முழுதாக. ஃப்ரெனலில் வலப்பக்கத்திலிருந்து அடிப்பவை இரண்டும் 60, இடப்பக்கத்திலிருந்து அடிப்பவை இரண்டும் 20. ஒரு கன்னம் மற்றொன்றைவிடத் தெளிவாகப் பிரகாசமாக இருந்தால்தான் வெயில். இரண்டையும் சமமாக்கினால் மறுபடி நீதிமன்றம் வந்துவிடும்.

இரவுதான் எல்லோரும் தடுமாறும் இடம். இரவைக் காட்ட நீலத்தை முன்னாலிருந்து கொட்ட வேண்டாம். பின்னாலிருக்கும் எல்இடி நீலத்தில் ஆட்களின் ஓரம் மட்டும் தெரியட்டும். காட்டுக் கோபோ 40 சதவீதம். முகத்துக்கு ஒரே பக்கத்து ஃப்ரெனல், 15 அல்லது 20. வசனம் கேட்க வேண்டுமானால் வாய் தெரிய வேண்டும் என்பது மேடையில் உண்மைதான், அதனால் அந்த 15-ஐயும் எடுத்துவிடாதீர்கள். கண் பழகுவதற்கு நேரம் எடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வெயில் காட்சி முடிந்தவுடன் இரவு வந்தால் முதல் அரை நிமிடம் பார்வையாளருக்கு ஒன்றுமே தெரியாது. காட்சியை 30 சதவீதத்தில் ஆரம்பித்து, ஒரு நிமிடத்தில் யாரும் கவனிக்காதபடி 15-க்கு இறக்குங்கள். இரவு நீலமாக இருக்க வேண்டும் என்பது மேடை மரபு, இயற்கை விதி இல்லை. நம் தெருக்கூத்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எந்த நீலமும் இல்லாமல் இரவையும் போர்க்களத்தையும் காட்டியிருக்கிறது. கையில் ஒரு லாந்தர் இருக்கும் காட்சி என்றால் நீலத்தை இன்னும் குறைத்துப் பார்க்கவே சொல்வேன்.

விடியலுக்குத் தரையிலிருக்கும் எல்இடி மூன்றும் பின்திரையின் அடியை ஆழ்ந்த நீலத்திலிருந்து மெல்ல ஆரஞ்சுக்குக் கொண்டுவரட்டும். அதோடு இடது விங்ஸின் தாழ்ந்த பார்கள் 10-இல் ஆரம்பித்து 50 வரை, இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு ஏறட்டும். ஹாலஜன் 10-இல் இருக்கும்போது தானாகவே செம்மஞ்சளாக இருக்கும், ஏற ஏற வெளுக்கும். ஜெலட்டினே போடாமல் சூரியோதயம் இலவசமாகக் கிடைக்கிறது. கொல்கத்தாவின் தபஸ் சென் 1959-இல் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியால் காட்டினார். இன்றுள்ள கம்ப்யூட்டர் கன்சோலோ எல்இடியோ அன்று கிடையாது. ஒளி எந்த வேகத்தில், எந்தத் திசையிலிருந்து நகர்கிறது என்பதில்தான் அந்த வித்தை இருக்கிறது. வாடகைக் கணக்குப் போடும் ஒவ்வொரு குழுவிடமும் நான் அவரைப் பற்றித்தான் பேசுவேன்.

கலர் போடத்தான் போகிறீர்கள் என்றால், உடைகளை வைத்துக்கொண்டு போடுங்கள். அரக்குப் பட்டு நீல ஒளியில் கறுப்பாகிவிடும், ஏனென்றால் அந்தத் துணி திருப்பி அனுப்பும் சிவப்பு அந்த ஒளியில் இல்லை. பச்சை ஒளி முகத்தில் விழுந்தால் நோயாளிக் களை வரும். முகத்துக்கு வெளிர் நிறங்கள் போதும், மெல்லிய மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு. அடர் ஜெலட்டின்கள் ஒளியில் மிகச் சிறு பங்கைத்தான் வெளியே விடும், அவற்றைப் பின்னாலும் பக்கத்திலும் வையுங்கள். எந்தக் கலர் நல்லது என்பதில் என்னைவிட உங்கள் இயக்குநர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வீடியோ எடுப்பதாக இருந்தால் கேமராவை ஹாலஜனுக்கு, அதாவது 3200 கெல்வினுக்கு வைக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரோப் (வேகமாக மின்னி மின்னி அணையும் விளக்கு) போடும் எண்ணம் இருந்தால் வாசலிலேயே அறிவிப்பு வையுங்கள், வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

மின்சாரத்தில் யாரும் துணிச்சல் காட்ட வேண்டாம். 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் இழுக்கும். ஒரு 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் கூடாது. உங்கள் ஹாலஜன் விளக்குகள் எல்லாம் சேர்ந்தால் 40 ஆம்பியரைத் தாண்டும், அதை எந்த ஃபேஸில் எப்படிப் பிரிப்பது என்பதை அரங்கத்து எலக்ட்ரீஷியன்தான் முடிவு செய்ய வேண்டும். நான் இங்கிருந்து சொல்லக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியைத் தவிர தனிச் சங்கிலி இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரொஃபைல், ஃப்ரெனல் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

பைப்பின் உயரம், அது மேடை விளிம்பிலிருந்து எத்தனை மீட்டர், மேடையின் அகலமும் ஆழமும், ப்ரொஃபைலில் எழுதியிருக்கும் டிகிரி, இவற்றை அளந்து கீழே எழுதுங்கள். எந்த விளக்கை எந்தப் பைப்பில் எங்கே மாட்டுவது என்று படம் போட்டே அனுப்புகிறேன்.